பதினான்காம் பக்கத்துப் பல்செட்டு

பல்லக்கா முதன்முறையாகத் தேடல் முன்னிலைச் சங்கத்தின் படியேறிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு மனிதர் உருண்டு வந்தார். கோட்டும் சூட்டுமாக இருந்தார். படிக்கு ஒரு இடி வீதம் பதினெட்டுப் படிக்கும் தப்பாமல் இடித்துக்கொண்டு வந்து, திருப்பத்துச் சுவரில் மோதி நின்றார். எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நேத்து வரைக்கும் நான் முதல் பக்கம்மா," என்றார். வருத்தப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. பேருந்து வராது என்பதைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு நொண்டிக்கொண்டே கீழ்த்தளத்துக்கு இறங்கி, 'பதினொன்றாம் பக்கமும் அதற்கு அப்பாலும்' என்று பலகை மாட்டியிருந்த அறைக்குள் தானாகவே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பல்லக்கா அவருடைய வாயைத்தான் கவனித்தாள். கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் தாங்கும். தொழில் புத்தி எங்கே போனாலும் கூடவே வருகிறது.

அவள் பல்செட்டு செய்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறை, ஒரே சுழல் நாற்காலி, ஜன்னல் ஓரத்தில் பிளாஸ்டர் வாய்கள் வரிசையாக அடுக்கிய ஒரு மர அலமாரி. தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. எதிரே இருந்த பல் மருத்துவமனை ஆளை அனுப்பும், இவள் அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்துக் கொடுப்பாள். போன வருஷம் மருத்துவமனை ஊரின் மறுமுனைக்குப் போய்விட்டது. அதன்பிறகு பல் இல்லாதவர்கள் எல்லாம் கைபேசியில் தேடிப் போனார்கள். தேடியவர்கள் கண்ணில் பட்டது இரண்டு தெரு தள்ளியிருந்த முத்துப்பல் நிலையம். தேடுபொறியின் முதல் பக்கத்தில் முதல் பெயர் அதுதான்.

பல்லக்காவுக்கும் இணையதளம் இல்லாமல் இல்லை. அவள் கணவர் இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துத் தானே செய்தது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பதற்றம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தானாகத் தரையில் பிரேக்கை அழுத்தும். மற்றபடி தங்கமான மனிதர். தளத்துக்குப் 'பல்லக்கா' என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயரை அடித்தால் தேடுபொறி, 'பல்லக்கு என்று தேட நினைத்தீர்களா?' என்று பணிவாகக் கேட்கும். பதிலுக்குக் காத்திருக்காமல் பதின்மூன்று பக்கங்களுக்குப் பல்லக்குகளைக் காட்டும். மரப் பல்லக்கு, வெள்ளிப் பல்லக்கு, வாடகைப் பல்லக்கு, பல்லக்குத் தூக்க ஆள் தேவை. பதினான்காம் பக்கத்தில், மூடிப்போன ஒரு சர்க்கஸ் கம்பெனிக்குக் கீழே பல்லக்கா இருந்தாள். 'பல்செட்டு' என்று அடித்தாலும் அதே பதினான்குதான். அங்கே அவளுக்குத் துணையாக அந்த சர்க்கஸ்கூட இல்லை.

இருபது நாளாக அவள் யார் வாயையும் பார்க்கவில்லை. முத்துப்பல் நிலையத்துக்காரர் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்: "அக்காகிட்ட சொல்லுங்க, நம்ம இடத்துல ஒரு ஸ்டூல் காலியா வச்சிருக்கேன். வந்து பாலிஷ் போடட்டும்." தளங்களை முதல் பக்கத்துக்கு ஏற்றித் தருவதாகச் சொன்ன சங்கத்தின் படியை அவளை ஏற வைத்தது அந்த ஸ்டூல்தான்.

கணவரோடு அவள் ஏறிப்போன இரண்டாம் மாடியில் தணிக்கை அதிகாரி இருந்தார். மெலிந்த மனிதர், தடித்த விரல்முட்டி. தளத்தைத் திரையில் திறந்து வைத்து நெடுநேரம் பெருமூச்சு விட்டார்.

"இத உருவாக்குனது யாரு?"

"நான்தான் சார்," என்றார் கணவர், கொஞ்சம் பெருமையோடு.

"கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. தலைய லேசா குனியுங்க."

நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

"முதல் படத்துக்கு விளக்கம் இல்ல," என்றார் அதிகாரி. மறுபடி ஒரு குட்டு. "ரெண்டாவது படத்துக்கும் இல்ல."

"சார், என்ன சார் இது!" என்று பல்லக்கா பதறினாள்.

"எங்க சங்கத்துல பிழைய காகிதத்துல எழுதிக் கொடுக்கிறதில்லம்மா. காகிதம் தொலைஞ்சு போயிடும். தலை தொலையாது." அவர் குட்டிக்கொண்டே போனார். தளம் திறக்க எட்டு வினாடி ஆகிறது. தலைப்புக்குள் தலைப்பு இருக்கிறது. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் எங்களைப் பற்றி ஒன்றுமில்லை. ஒரு படம் தலைகீழாக நின்று, கீழ்வரிசைப் பல்லை மேல்வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது, அதற்கு இரண்டு. கணவரின் வலது கால் தரையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. எதுவும் நிற்கவில்லை.

"மொத்தம் முப்பத்தொண்ணு," என்று அதிகாரி கையை உதறிக்கொண்டார். "பரவாயில்ல, நடுத்தரம்தான். போன வாரம் சவப்பெட்டி செய்யறவர் ஒருத்தர் நூத்தி ஆறு வாங்குனாரு. நல்லவேளை, சரக்கு அவர்கிட்டயே இருந்துச்சு."

கணவர் வீட்டுக்கு வந்து தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேண்டாம்ங்க, விட்டுடலாம்," என்றாள் பல்லக்கா.

"முப்பத்தொண்ணு வாங்கியாச்சு. இப்ப விட்டா அது வீணாப் போகுமே," என்றார் அவர். இப்படித்தான் அந்தச் சங்கத்தில் பலரும் உறுப்பினர்களாக நீடித்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

மறுநாள் சொல் அதிகாரி கடைக்கே வந்தார். நல்ல சிரித்த முகத்துப் பெண்மணி. கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்துக் கூராக வைத்திருந்தார். தளத்தில் கணவர் எழுதியிருந்த நாலு வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'பல்செட்டு வேண்டுமா? பல்செட்டு தேவைப்படும் உங்களுக்குப் பல்செட்டு தரும் பல்செட்டு நிலையம் பல்செட்டுக்கென்றே உள்ள பல்செட்டு நிலையம்.'

"இத யாரு படிப்பாங்க?" என்று பல்லக்கா கேட்டாள்.

"மனுஷங்க படிக்கிறதுக்கா எழுதறோம்?" என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார். "அப்புறம் இன்னொண்ணு. தளத்துல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு இருக்கக் கூடாது. கடையிலயும் நீங்க அப்படித்தான் பேசணும். தேடுபொறி கேட்டுக்கிட்டே இருக்கு."

"சரிங்கம்மா. டீ குடிக்கிறீங்களா?"

கையில் சுருக்கென்று ஒரு கிள்ளு. ரத்தம் புள்ளியாக எட்டிப் பார்த்தது.

"சிறந்த பல்செட்டு டீ குடிக்கிறீங்களா," என்று அந்த அம்மாள் திருத்திக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் பல்லக்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை நீலம் பாரித்துப் போயின. வீட்டிலும் பழக்கம் விடவில்லை. "பல்செட்டு குழாய மூடுங்க, பல்செட்டு தண்ணி போகுது," என்பாள். கணவர் மூடுவார். இவ்வளவுக்கும் பலனாகத் தளம் பதினான்காம் பக்கத்திலிருந்து பதின்மூன்றுக்கு ஏறியிருந்தது. சங்கம் ஒரு வாழ்த்து மடல் அனுப்பியது. அதில் 'பல்லக்கு' என்றுதான் போட்டிருந்தது.

அடுத்தது நேரக் காவலர்கள். கதவு அகலத்துக்கு இரண்டு பேர். உள்ளே வருகிறவர்கள் உடனே திரும்பிப் போய்விட்டால் தேடுபொறி அதை அவமானமாகக் குறித்துக்கொள்ளும் என்றும், தளத்திலோ கடையிலோ காலடி வைத்தவர் குறைந்தது மூன்று நிமிஷமாவது இருந்தாக வேண்டும் என்றும் அவர்கள் விளக்கினார்கள். விளக்கி முடித்துவிட்டுக் கதவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

முதலில் அகப்பட்டவர் ஒரு வாத்தியார். ஓய்வுபெற்றவர். கையில் ஒரு கடிதத்தோடு எட்டிப் பார்த்து, "இங்க தபால் ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"நேரா போய் இடது பக்கம் சார்," என்றாள் பல்லக்கா.

"ரொம்ப நன்றி," என்று அவர் திரும்பினார். அவர் கடையில் இருந்தது மொத்தம் ஒன்பது வினாடி. காவலர்கள் அவரைத் தோளோடு தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி."

"பார்த்துட்டுப் போங்க."

"என்னத்தப் பாக்க? நான் போகணும், தபால் எடுத்துடுவாங்க." வாத்தியார் எழுந்தார். ஒரு காவலர் அவரைத் திரும்ப உட்கார வைக்கக் கையை நீட்டினார். கை மூடியிருந்தது. அது வாத்தியாரின் வாயில் போய் நின்றது. மேல்வரிசை முன்பல் இரண்டும் தெறித்து அலமாரிக் கண்ணாடியில் டிக், டிக் என்று பட்டு விழுந்தன.

பல்லக்கா கத்தினாள். பஞ்சு எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினாள். அவள் கண்ணிலும் அவர் கண்ணிலும் தண்ணீர். காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் பத்து வினாடி," என்று குறித்துக்கொண்டார். "அக்கா, பார்வையாளர் வாடிக்கையாளரா மாறிட்டாரு. முதல் நாளே! எங்க அனுபவத்துல இப்படிப் பார்த்ததில்ல."

வாத்தியாருக்குக் கைம்மாறு எதுவும் வாங்காமல் பல் செய்து தருவதாக அவள் சத்தியம் செய்தாள். சங்கத்துக்குப் போய் இந்தக் காவல் வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அங்கே மனுவை வாங்கிக்கொண்ட குமாஸ்தா, காவலை விலக்குவதற்குத் தனிப் படிவம் உண்டென்றும், அது முதல் பக்க உறுப்பினர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்றும் சொன்னார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அதிகாரி வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"நம்மள நாமே நல்லவங்கன்னு சொன்னா தேடுபொறி நம்பாதும்மா," என்றார் அவர். உருண்டு திரண்ட தோள், குழந்தைக் குரல். "மத்தவங்க நம்மளக் கை காட்டணும். பத்துப் பேரு கை காட்டினா நம்மகிட்ட ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"யாரு சார் எனக்குக் கை காட்டுவாங்க?"

"அத நான் பாத்துக்கறேன்."

அவர் தெருவில் இறங்கினார். சாவி செய்கிறவரின் மணிக்கட்டைப் பிடித்து, ஆள்காட்டி விரலைப் பல்லக்காவின் கடைப்பக்கம் திருப்பினார். அடுத்துத் தையற்காரர். அடுத்துக் கண்ணாடிக் கடைக்காரம்மா, பழைய புத்தகக்காரர், மெத்தை விற்கிறவர். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் கை காட்டினார்கள். அதில் மூன்று பேருக்கு மாவுக்கட்டு.

"மாவுக்கட்டு போட்டா விரல் ஆடாம அசையாம ஒரே பக்கம் காட்டும். நிரந்தர இணைப்புன்னு அதத்தான் சொல்வோம்," என்று அவர் திருப்தியோடு சொன்னார்.

தெருவில் பல்லக்காவைப் பார்த்தால் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் தன்னை அக்கா என்று கூப்பிட்ட தையற்காரர் கதவைப் பாதி மூடிக்கொண்டு, "என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். 

போட்டியாளரே கை காட்டினால் அதற்கு நூறு மடங்கு மதிப்பு என்று ஒரு விதி சங்கத்தில் இருந்தது. ஆகவே மறுநாள் காலை இணைப்பு அதிகாரி எட்டு ஆட்களோடு முத்துப்பல் நிலையத்துக்குப் போனார். நிலையத்துக்காரரும் பழைய உறுப்பினர். அவர் வாசலிலும் சங்கத்தின் காவலர்கள் எட்டுப் பேர் நின்றார்கள். இரண்டு அணியும் ஒரே சட்டை, ஒரே அட்டை. முதலில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு ஆரம்பித்தார்கள்.

பத்து நிமிஷத்தில் நிலையத்தின் கண்ணாடி முகப்பு தெருவில் கிடந்தது. பல் மாதிரி செய்து வைத்திருந்த ஆளுயர விளம்பரப் பொம்மையைப் பிடுங்கி இரண்டு பேரை அடித்தார்கள். ஒரே சட்டை போட்டிருந்ததால் யார் யாருடைய ஆள் என்பது ஐந்தாம் நிமிஷத்துக்கு மேல் அவர்களுக்கே தெரியவில்லை. அகப்பட்டவனை அடிப்பது என்று ஒரு பொதுவான ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நிலையத்துக்காரரின் வலது கையில் நாலு விரல் முறிந்தது. அவற்றில் ஒன்று பல்லக்காவின் கடைத் திசையைக் காட்டியதாக இணைப்பு அதிகாரி பதிவு செய்தார்.

ஓடி வந்து பார்த்த பல்லக்கா அப்படியே சங்கத்தின் நாலாம் மாடிக்குப் போய்த் தலைவரைப் பிடித்தாள். தலைவர் மெத்தை இருக்கையில் இருந்தார். வெள்ளைத் தலை, கணீரென்ற குரல், பேசும்போதெல்லாம் மேல்வரிசைப் பல் ஆறும் தெரியும்.

"ரெண்டு பக்கமும் உங்க ஆளுங்கதானே சார் அடிச்சுக்கறாங்க?"

"ஆமாம்," என்றார் தலைவர், பெருந்தன்மையோடு. "இந்தச் சங்கம் பாரபட்சம் பாக்காது. அவரையும் முதல் இடத்துக்குக் கொண்டு வர்றோம்னு சொல்லியிருக்கோம், உங்களையும் சொல்லியிருக்கோம், இன்னும் நாப்பது பல்செட்டுக்காரங்ககிட்ட சொல்லியிருக்கோம். சொன்ன சொல்ல ஒருநாளும் மாத்தினதில்ல. முதல் இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குங்கறது எங்க தப்பு இல்லையேம்மா."

"அந்தத் தேடுபொறிக்கு என்னதான் சார் வேணும்?"

"அதத் தெரிஞ்சவங்க நாங்க மட்டும்தான். வர்ற வெள்ளிக்கிழமை ஆண்டு மாநாடு. வாங்க, சொல்றேன்."

மாநாட்டு மண்டபத்தில் முதல் பக்கத்தாருக்கு மெத்தை வைத்த நாற்காலிகள், தரையோடு திருகி வைத்தவை. இரண்டிலிருந்து பத்தாம் பக்கம் வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு அப்பால் இருப்பவர்கள் சுவரோரமாக நிற்க வேண்டும். பல்லக்காவும் கணவரும் நின்றார்கள். சாவிக்காரர், தையற்காரர், மெத்தைக்காரர், தலையில் கட்டோடு சவப்பெட்டிக்காரர் என்று நானூறு உறுப்பினர்கள். கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு நிலையத்துக்காரர் மெத்தை நாற்காலியில் இருந்தார். பல்லக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலைவர் ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"உறுப்பினர்களே! போன மாசம் உங்கள நீளமா எழுதச் சொன்னோம். எழுதினீங்க. அதுக்கு முந்தின மாசம் சுருக்கமா எழுதச் சொன்னோம். அதையும் எழுதினீங்க. எது சரின்னு சில பேர் கேக்கறாங்க. ரெண்டும் சரி. சொன்ன அன்னிக்கு." கைதட்டல். "தேடுபொறி நேத்து ராத்திரி மனச மாத்திக்கிச்சு. இனிமே அதுக்கு வேண்டியது நேர்மை!"

சுவரோரம் நின்றவர்கள் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எல்லாரும் நேர்மையா ஆகிட்டாப் போதும். படிவம் பின்னால இருக்கு. பயிற்சிய இப்பவே ஆரம்பிக்கலாம். ஒவ்வொருத்தரும் பக்கத்துல இருக்கறவரோட சரக்கப் பத்தி மனசுல இருக்கறத உள்ளபடியே அவர்கிட்ட சொல்லுங்க."

சாவிக்காரர் மெத்தைக்காரர் பக்கம் திரும்பினார். "உன் மெத்தையில படுத்து எந்திரிக்கறதுக்கு ரோட்ல படுக்கலாம்," என்றார். அவருடைய நேர்மை அவ்வளவு நாள் உள்ளேயே கிடந்து புளித்திருந்தது. மெத்தைக்காரர் யோசிக்கவே இல்லை. நாற்காலியைத் தூக்கிவிட்டார்.

அதற்கப்புறம் நேர்மை நாலா பக்கமும் பரவியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் காற்றில் நன்றாகப் போயின. முதல் பக்கத்தாரின் நாற்காலிகள் தரையோடு திருகியிருந்ததால் அவர்களிடம் எறிய ஒன்றுமில்லை. மேலிருந்து வருவதையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டார்கள். தணிக்கை அதிகாரியைச் சவப்பெட்டிக்காரர் மூலையில் மடக்கி, நூற்றியாறையும் ஒவ்வொன்றாக எண்ணித் திருப்பிக் கொடுத்தார். சொல் அதிகாரியின் நகம் பிய்ந்தது. நேரக் காவலர்கள் கதவைச் சாத்திவிட்டு, மூன்று நிமிஷம் ஆகாமல் யாரையும் வெளியே விட மாட்டோம் என்றார்கள். நூறு பேர் அவர்கள் மேல் ஏறிப் போனார்கள்.

தலைவர் மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. "இதுதான்! இந்த ஈடுபாடுதான் வேணும்!" என்று முழங்கிக்கொண்டிருந்தபோது யாரோ ஒலிபெருக்கிக் கம்பத்தை அடியில் உதைத்தார்கள். அதன் தலை அவர் வாய்க்குள் போய் வெளியே வந்தது. மேல்வரிசை ஆறும் அதோடு வந்தன. ஆறும் விழுந்த ஓசை ஒலிபெருக்கி வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது.

பல்லக்கா அப்போது தரையில் மண்டியிட்டுப் பல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பால் வாங்கிட்டு வாங்க! ஓடுங்க! பல்லு காஞ்சிடக் கூடாது!" என்று கணவரை விரட்டினாள். அவர் ஜன்னல் வழியாகக் குதித்து, டீக்கடையிலிருந்து ஒரு தூக்குப் பால் கொண்டு வந்தார். நூற்று நாற்பத்து மூன்று பல். உடனே மருத்துவரிடம் போனால் சிலதையாவது திரும்ப வேர்பிடிக்க வைக்கலாம். "யாரோடது எதுன்னு பாத்து எடுத்துட்டு ஓடுங்க," என்று அவள் கூவினாள். அவர்கள் தூக்கைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். எல்லோரும் இருப்பதிலேயே வெள்ளையான பல்லைத்தான் தன்னுடையது என்றார்கள். அது யாருக்கு என்பதில் இன்னொரு சண்டை மூண்டது. பால் தரையில் ஓடியது.

கடைசியில் அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொருவர் வாயையும் துடைத்து, பஞ்சு வைத்து, "கடிச்சுக்கோங்க. ஈறு ஆறட்டும். மூணு வாரம் கழிச்சு வாங்க, பாக்கறேன்," என்று சொன்னாள். நிலையத்துக்காரரிடம் வந்தபோது அவர் வாயைத் திறக்க மறுத்தார். பிறகு திறந்தார்.

அடுத்த நாளே அவளுக்குச் சங்கத்திலிருந்து தண்டனை அறிவிப்பு வந்தது. ஒரே சொல்லை அளவுக்கு மீறித் திணித்த குற்றத்துக்காக அவள் தளம் இருபத்தாறாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. திணித்தது யார் என்பது அதில் இல்லை. கணவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, தளத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். "இருக்கட்டும், நீங்க செஞ்சதுதானே," என்றாள் அவள். "அந்தத் தலைகீழ்ப் படத்த மட்டும் நேராக்குங்க."

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் கடையைத் திறந்தபோது தெருமுனை வரை வரிசை நின்றது. எல்லோரும் வாயைக் கையால் பொத்தியிருந்தார்கள். யாரும் எதிலும் தேடி வரவில்லை. முத்துப்பல் நிலையத்தில் முகப்பும் இல்லை, வேலை செய்ய விரலும் இல்லை; அதன் முதலாளி இங்கே ஒன்பதாவது ஆளாக நின்றார். தையற்காரரும் வந்திருந்தார். "அக்கா," என்றார். 

நாள் முழுக்க அச்சு எடுத்தாள். தலைவர் மதியம் வந்தார். வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அவஃபரக் கூட்டம் இருக்கு," என்றார். "ஃபீக்கிரம் ஃபெய்யணும்."

அவள் கலவையைக் குழைத்து, தட்டில் நிரப்பி, அவர் வாய்க்குள் வைத்து அழுத்தினாள். "இறுகற வரைக்கும் அசையாதீங்க, பேசாதீங்க." கணீர்க் குரல் அடங்கியது. அந்த அறையில் அவர் பேசாமல் இருந்த அந்த நேரத்தில் பல்லக்காவுக்குப் பழைய கேள்வி ஒன்று நினைவுக்கு வந்தது.

"சார், இப்பவாவது சொல்லுங்க. தேடுபொறிக்கு உண்மையிலேயே என்ன வேணும்?"

தலைவர் கண்ணை உருட்டினார். கையை நீட்டி எழுதக் காகிதம் கேட்டார். பேச முடியாத மனிதருக்குப் பொய் சொல்வது சிரமமாக இருந்திருக்க வேண்டும். எழுதினார்: 'தெரியாது. எனக்கு முந்தின தலைவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் பதவி விலகும்போது என்னிடம் ரகசியமாக இதையேதான் கேட்டார்.'

அவள் அச்சை வெளியே எடுத்தாள். அவர் உடனே காகிதத்தைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றார். மெல்லப் பல் போதாமல் அப்படியே விழுங்கினார்.

எட்டாம் நாள் பல் தயாராகிவிட்டது. மேல்வரிசை ஆறு, இரண்டு பக்கமும் மெல்லிய கொக்கி, ஈறு நிறத்தில் தகடு. அவள் செய்ததிலேயே நேர்த்தியான வேலை என்று சொல்லலாம். மாட்டிவிட்டாள். தலைவர் கண்ணாடியில் பார்த்தார். "சங்கம்," என்று சொல்லிப் பார்த்தார். "சிறப்பு. செயற்குழு. சஸ்பெண்டு." எல்லா எழுத்தும் சுத்தமாக விழுந்தது. முகம் மலர்ந்தது. எழுந்து வாசலுக்குப் போய், பல் மாட்டிக்கொள்ள அன்றைய வரிசைப்படியே வந்து நின்ற அறுபது பேரைப் பார்த்தார்.

"உறுப்பினர்களே!" என்றார். குரல் பழைய கணீர். "இது என்ன வரிசை? முதல்ல வந்தவர் முதல்லயா? காட்டுமிராண்டிக் காலமா இது? யாரு முன்னால நிக்கணும்ங்கறத இனிமே சங்கம் முடிவு பண்ணும். காவலர்களே, தரம் பிரிங்க!"

வரிசையில் பல்லில்லாமல் நின்ற இரண்டு காவலர்களும் பழக்க தோஷத்தில் முன்னே வந்தார்கள். முதல் ஆளாக நின்றது வாத்தியார். அவர்கள் அவரைச் சட்டைக் காலரோடு பிடித்துத் தூக்கினார்கள். பின்னால் நின்றவர்கள் தோளை ஏற்றிக்கொண்டு ஒருவரையொருவர் அளந்து பார்க்க ஆரம்பித்தார்கள். யாரோ யாரையோ தள்ளினார்கள்.

பல்லக்கா கலவை படிந்த கையோடு உள்ளே இருந்து வந்தாள். மேசைக்கு அடியில் கணவரின் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் தலைவருக்கு நேரே வந்து நின்று, வலது கையை முழுசாகப் பின்னுக்கு வாங்கி, அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். தெருமுனையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் ஒரு சுற்றுச் சுற்றிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலர்கள் வாத்தியாரைக் கீழே இறக்கி, காலரை நீவிவிட்டார்கள்.

 இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரம் வாய்க்குள் கைவிட்டிருக்கிறாள். ஒருவர் கன்னத்திலும் கை வைத்ததில்லை. ஆனாலும் தொழில் முந்திக்கொண்டது.

"வாயத் திறங்க," என்றாள்.

தலைவர் திறந்தார். ஆறும் இருந்த இடத்தில் இருந்தன.

"ஆடுதா?"

அவர் நாக்கால் தொட்டுப் பார்த்தார். "இல்லம்மா," என்றார், மெதுவாக.

"கொக்கி எங்கயாவது குத்துதா?"

"இல்ல."

"அப்ப சரி. ரெண்டு நாளைக்குக் கெட்டியா எதையும் கடிக்காதீங்க. தூங்கும்போது கழட்டித் தண்ணியில போடுங்க."

தலைவர் கன்னத்தைப் பிடித்தபடி வரிசை ஓரமாகவே நடந்து போனார். யாரும் அவருக்கு வணக்கம் வைக்கவில்லை. அவர் கன்னத்தையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒன்பதாவது இடத்தில் நின்ற நிலையத்துக்காரர், கட்டுப் போட்ட கையை உயர்த்தி, "நல்ல பிடிமானம்க்கா," என்றார். மனதார.

வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சொல்வதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டார்.